ஐப்பசியில் தரங்கம்பாடி: ஒதுங்க ஒரு வரைபடம்

அச்சகத்தின் தரையில் ஐப்பசி மாதத்துக் காலண்டர் தாள்களை வரிசையாகப் பரப்பி, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணப் பத்திரிகைக்கு முன்பணம் கொடுக்க வந்தவர் வாசலிலேயே நின்று, "சார், ஜாதகமும் பாக்குறீங்களா?" என்றார். இல்லை, குடும்பத்தோடு தரங்கம்பாடி போக நாள் பார்க்கிறேன் என்றேன். "ஐப்பசியிலயா?" என்றார். அடுத்த பத்து நாளில் இதே கேள்வியைப் பதினைந்து பேராவது கேட்டிருப்பார்கள்.

கேட்டவர்கள் மேல் தப்பில்லை. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சொல்லியே வளர்ந்த ஊர் இது. எங்கள் கடற்கரைக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஆனால் கும்பகோணத்தில் சின்ன ஆஃப்செட் அச்சகம் வைத்திருப்பவனுக்கு மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது. மார்கழியில் கல்யாணம் இல்லை, ஆனால் தை மாதக் கல்யாணங்களின் பத்திரிகையெல்லாம் அப்போதுதான் ஓடும். அதற்கப்புறம் பங்குனி வரை மூச்சு விட முடியாது. சித்திரை வெயிலில் 72 வயது அப்பாவை மணலில் நடக்கவிடவும் மனசில்லை. அப்பாவோ, "கோடை வரைக்கும் இந்த முழங்கால் தாங்கும்னு நீ எழுதித் தர்றியா?" என்று கேட்டுவிட்டார். என்னால் எழுதித் தர முடியவில்லை.

அப்பா நாற்பது வருஷம் ஈய எழுத்துக் கோத்தவர். இன்றைக்கும் ஏதாவது யோசிக்கும்போது வலது கட்டைவிரலை ஆள்காட்டி விரல்மேல் தேய்ப்பார். எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கில் எழுத்தைத் தள்ளி நிறுத்துகிற அசைவு அது. கம்ப்யூட்டர் வந்து ட்ரெடில் அச்சு மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்ட அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு எழுத்துப் பெட்டியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1700களின் தொடக்கத்தில் தமிழ் அச்செழுத்து வார்த்த ஊர் நம் வீட்டிலிருந்து 70 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, வாழ்நாள் முழுவதும் அதைப் பார்க்காமலே இருந்துவிட்டேன் என்பது அவருடைய குறை. அதனால்தான் இந்தப் பயணம். எட்டாவது படிக்கும் மகளுக்குக் கடல், என் மனைவிக்கு இரண்டு நாள் அடுப்பைப் பார்க்காமல் இருப்பது. ஆளுக்கு ஒரு காரணம் சேர்ந்துகொண்டது.

முதல் திட்டம் ஒரு ஏ4 தாளில் எழுதியது. இப்போது எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. சனி காலை பூம்புகார், மதியம் தரங்கம்பாடி, இரவு காரைக்கால். ஞாயிறு காலை நாகூர், பிறகு நாகப்பட்டினம், மாலை வேளாங்கண்ணி. பூம்புகாரிலிருந்து வேளாங்கண்ணி வரை ஏறக்குறைய 65 கிலோமீட்டர்தானே, ஒரே கடற்கரைச் சாலைதானே என்ற தைரியம். அப்பா தாளை வாங்கிப் படித்துவிட்டு, "இது பஸ் கண்டக்டர் போடற டிரிப் ஷீட்டுடா. எறங்குறது எங்கே?" என்றார்.

அடிப்பது என்று உட்கார்ந்தால் ஒவ்வொன்றையும் அடிக்க மனசு வரவில்லை. நாகப்பட்டினத்தில் ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் கட்டிய சூடாமணி விகாரம் என்ற புத்த மடாலயம் இருந்தது. அதற்கு ஆனைமங்கலம் ஊரையே சோழன் எழுதிக் கொடுத்தான்; அந்தச் செப்பேடுகள் பின்னாளில் நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால் போனால் எதைப் பார்ப்பது? கடைசியாக மிஞ்சி நின்ற கோபுரத்தையும் 1867இல் இடித்துவிட்டார்கள். பூம்புகாரில் 1973இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம் இருக்கிறது, கீழையூரில் தோண்டி எடுத்த பழைய செங்கல் படகுத்துறை இருக்கிறது. ஆனால் அந்த இரண்டையும் கடலையும் பார்க்க அங்கேயும் இங்கேயும் ஓட வேண்டும். தரங்கம்பாடி அப்படியில்லை. டேனிஷ்காரர்களின் கோட்டை, வாசல், இரண்டு தேவாலயம், பழைய வீடுகள், சிவன் கோயில் எல்லாம் ஒரே நடைக்குள். முழங்கால் வலிக்காரர் ஒருவர் ஒரு பழைய துறைமுகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இந்தக் கடற்கரையில் அதைவிட வசதியான ஊர் இல்லை. ஆக, மற்ற ஐந்தையும் அடித்தேன். நாகூரை அடித்ததற்கு மனைவி இரண்டு நாள் பேசவில்லை.

அடுத்தது நாள். காலண்டர் தாள்கள் இங்கேதான் வேலை செய்தன. கடை விளம்பரம் போட்டு மீந்துபோன ஒரு தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்தவை. ஒவ்வொரு தாளிலும் முகூர்த்தம், விரதம், திதி எல்லாம் இருப்பதால் போனைவிட எனக்கு அதுதான் சௌகரியம். சனி ஞாயிறு தாள்களை மட்டும் தனியாக எடுத்தேன். ஐந்து ஜோடி வந்தது.

முதல் ஜோடி தீபாவளிக்கு முந்தைய வாரம், நினைக்கவே வேண்டாம். இரண்டாவது கந்த சஷ்டிக்குள் வந்தது. மனைவி ஆறு நாளும் விரதம். மூன்றாவதில் கடையில் மூன்று பத்திரிகை டெலிவரி. ஐந்தாவதைத்தான் நான் முதலில் எடுத்து வைத்திருந்தேன், மாசக் கடைசி, வேலை குறைவு. பக்கத்துக் கடைக்காரர்தான் தலையில் அடித்துக்கொண்டார்: "அன்னைக்குக் கடைமுகம் சார்! மாயவரத்துக்குள்ள வண்டி நுழையுமா?" ஐப்பசி மாதம் முழுக்க மயிலாடுதுறை துலாக்கட்டத்தில் காவிரிக் குளியல் நடக்கும், மாசக் கடைசி நாளில் கடைமுகத் தீர்த்தவாரி, மறுநாள் முடவன் முழுக்கு. சுற்றுவட்டாரமே அங்கே இருக்கும். எங்கள் பாதையோ ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை, செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு என்று அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. பேரளம், திருநள்ளாறு, காரைக்கால் என்று தெற்கே சுற்றிப் போகலாமே என்று பார்த்தால், சனிக்கிழமை திருநள்ளாற்றில் சனீஸ்வரனைப் பார்க்க வரும் கூட்டம். ஆக நான்காவது ஜோடி.

சனி போய் ஞாயிறு திரும்புவது என்பதிலும் ஒரு கணக்கு இருந்தது. டேனிஷ் கோட்டையின் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளி, சனி என்று லீவு போட்டுப் போகிறவர்கள் முதல் நாள் பூட்டைப் பார்த்துவிட்டு வருவார்கள். ஞாயிறு காலை தேவாலயங்களில் ஆராதனை நடக்கும். அந்த நேரத்தில் கேமராவோடு உள்ளே போய் நிற்பது மரியாதை இல்லை. அதனால் சனி கோட்டை, ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு தேவாலயம்.

அதுவரைக்கும் செய்தது எல்லோரும் செய்வதுதான். நான் சொல்ல வந்தது அதற்கப்புறம் நடந்தது.

மழைக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது எல்லாரும் போல மாற்று நாள் ஒன்று குறித்து வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மகள் கேட்ட கேள்வி வேறு பக்கம் திருப்பியது: "மழை வந்தா தாத்தா எங்கப்பா நிப்பாரு?" எனக்கும் அவளுக்கும் ஓட முடியும். அவருக்கு முடியாது. அப்போதுதான் தோன்றியது, பார்க்க வேண்டிய இடங்களின் வரைபடம் நமக்கு வேண்டாம், ஒதுங்கும் இடங்களின் வரைபடம்தான் வேண்டும் என்று.

முதலில் அப்பாவின் நடையை அளக்க வேண்டியிருந்தது. ஒரு சாயங்காலம் மகாமகக் குளத்தைச் சுற்றி அழைத்துப்போனேன். எதற்கு என்று சொல்லவில்லை. சொன்னால் வேகமாக நடப்பார். போனில் அளந்ததில் வெளிச்சுற்று 700 மீட்டர் காட்டியது. இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து, ஒரு கடலை வண்டியில் பேரம் பேசி, மொத்தம் 25 நிமிடம். உட்கார்ந்ததையும் பேரத்தையும் கழித்தால் நடை மட்டும் 18 நிமிடம். நிமிடத்துக்கு 40 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கத்து மழை தூறலாகத் தொடங்கிச் சடசடவென்று பிடிக்க நாலு நிமிடம் எடுத்துக்கொள்ளும் என்பது என் சொந்தக் கணக்கு. அதற்கு ஆதாரம் என் மொட்டைமாடிக் கொடியில் காயும் துணிதான். நாலு நிமிடத்துக்கு 160 மீட்டர். ஆக, எந்த இடத்தில் நின்றாலும் 150 மீட்டருக்குள் ஒரு கூரை இருக்க வேண்டும்.

மகளின் கணக்கு நோட்டிலிருந்து ஒரு கிராஃப் தாள். ஒரு சென்டிமீட்டர் 30 மீட்டர். போனில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி, நகர வாசலில் தொடங்கிக் கடல் வரை கிங்ஸ் தெருவைப் பென்சிலால் இழுத்தோம். ஏறக்குறைய அரை கிலோமீட்டர். நான் சொல்லச் சொல்ல மகள் வரைந்தாள். நிச்சயமாக நுழைய முடிந்த கூரைக்குச் சிவப்புப் புள்ளி; மழைக்கு நிற்கலாம், உள்ளே விடுவார்களா தெரியாது என்றால் நீலம். கோட்டைக்கு ஒரு பெரிய சிவப்பு: கீழ்த்தளம் முழுக்க வளைவுக் கூரை போட்ட அறைகள், மணிக்கணக்கில் நிற்கலாம். சீகன்பால்கு வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம், அதுவும் சிவப்பு. தேவாலய முகப்புகள் நீலம். பழைய வீடுகளின் திண்ணைகள் நீலம். டீக்கடை சிவப்பு. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "டீக்கடைதான்டா மொதல்ல கட்டியிருக்கணும், கோட்டை அப்புறம்" என்றார்.

ஓர் இடத்தில் புள்ளியே விழவில்லை. கிங்ஸ் தெரு முடிந்து கோட்டைக்குப் போகும் மைதானம். கூரையில்லை, மரமில்லை, கடல் காற்றுக்கு நேர் எதிர். அதை மகள் பென்சிலால் கட்டம் கட்டிக் கோடு போட்டு நிரப்பி, 'அபாயம்' என்று எழுதிவிட்டாள். முடிந்ததும் தாளை ஒரு கல்யாணப் பத்திரிகை பிளாஸ்டிக் கவருக்குள் செருகி வாயை ஒட்டினோம். கடையில் அது ஆயிரக்கணக்கில் கிடக்கிறது.

வெளிச்சமும் இந்தத் தாளிலேயே ஏறியது. நவம்பரில் 6 மணி சுமாருக்குச் சூரியன் கடலிலிருந்து எழும்பும், 5:45க்கெல்லாம் மறையும். கோட்டையின் கடல் பக்கச் சுவருக்குக் காலை வெயில். மேற்கே பார்த்து நிற்கும் நகர வாசலுக்குச் சாயங்கால வெயில். இதை எழுதிவிட்டு, சூரிய உதயத்தைத் திட்டத்தில் சேர்க்காமல் விட்டேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலோரத்தில் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் மழை அதிகம் பிடிக்கும். உதயத்துக்காக நாலு பேரை நாலரை மணிக்கு எழுப்பிவிட்டு ஜன்னலில் சாரலைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு ஒத்துவராது. வெளிநடை எல்லாம் பத்து மணிக்கு மேல், நாலரை வரை.

போகலாமா வேண்டாமா என்பதற்கும் ஒரு விதி எழுதினோம். மஞ்சள் எச்சரிக்கை என்றால் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 6 முதல் 11 சென்டிமீட்டர் வரை மழை: போகலாம். ஆரஞ்சு, அதாவது 20 வரை: காலையில் கிளம்பாமல் மதியம் வரை பார்ப்பது. அதற்கு மேலே சிவப்பு: ரத்து, வீட்டில் பஜ்ஜி. நாகை, காரைக்கால் துறைமுகங்களில் ஒன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றினால் பதற வேண்டாம். எங்கோ தொலைவில் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது என்று அர்த்தம். மூன்று என்றால் பலத்த காற்று நம் கரைக்கே வரப்போகிறது, அப்போதும் ரத்து. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது எங்கள் உறவினர் தோட்டத்தில் ஒரு தென்னை மிச்சமில்லை. இந்த விதியில் யாரும் பேரம் பேசவில்லை.

இனி வண்டி. பத்து வருஷப் பழைய கார். கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒரு மழையில் ஓட்டிப் பார்த்ததில் மூன்று குறை தெரிந்தது. வைப்பர் இடது பக்கம் ஒரு விரல்கடை அகலத்துக்குத் தண்ணீரைத் துடைக்காமல் விட்டது. உள்ளே கண்ணாடி ஆவி படிந்து மங்கியது. எல்லாவற்றையும்விட, ஓட்டுநர் காலடி மிதியடி நனைந்திருந்தது. மெக்கானிக் ஒருவர், கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் போய்விட்டது, கண்ணாடியைக் கழற்றித்தான் மாட்ட வேண்டும் என்றார். சொன்ன தொகையைக் கேட்டு நானே பார்க்கலாம் என்று வந்துவிட்டேன்.

பானெட்டைத் திறந்தால், முன்கண்ணாடிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் மூடி. அதில் நாலைந்து பிடிப்புகள். அவற்றை மெதுவாக நெம்பி மூடியைத் தூக்கினேன். அடியில் ஒரு வாய்க்கால் மாதிரிப் பள்ளம். கண்ணாடியிலிருந்து வழியும் தண்ணீர் அதில் இறங்கி, இரண்டு ஓரத்திலும் உள்ள துளைகள் வழியாகக் கீழே போய்விட வேண்டும். என் வண்டி ஏழு வருஷமாக வேப்பமரத்தடியில் நிற்கிறது. பள்ளம் முழுக்க வேப்பிலை, வேப்பம்பூ, காய்ந்து மக்கி, சாணி வரட்டி போல் கெட்டியாகியிருந்தது. அதன் நடுவில் ஒரு வேப்பங்கன்று இரண்டு இலை விட்டிருந்தது. தண்ணீர் போக வழியில்லாமல் நிரம்பி, காற்று உள்ளே வரும் வழியாகக் காருக்குள் இறங்கியிருக்கிறது. கண்ணாடிமேல் ஒரு குற்றமும் இல்லை.

கையால் அள்ளினேன், கால் வாளி வந்தது. ஓரத் துளையில் ஒரு சைக்கிள் பிரேக் கம்பியை விட்டுக் குடைந்தேன். கம்பி கூர்மையாக இருந்தால் உள்ளே உள்ள குழாயைக் கிழித்துவிடும், அதனால் நுனியை மடக்கிவிட வேண்டும். பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியதும் சக்கரத்துக்குப் பின்னால் கருப்பாகக் கொட்டியது. பார்க்க அவ்வளவு திருப்தி. வைப்பருக்கு ரப்பர் மட்டும் மாற்றினேன். பழையது வெயிலில் இறுகி ஓரம் பல் பல்லாக இருந்தது. ஆவிக்கு, கண்ணாடியின் உள்பக்கத்தை நன்றாகத் துடைத்து, மழையில் ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிமேல் திருப்பிவிட்டால் போதும். கன்றை மகள் தயிர் டப்பாவில் நட்டிருக்கிறாள்.

வெள்ளி இரவு மஞ்சள். கிளம்பினோம்.

செம்பனார்கோவிலைத் தாண்டியதும் சாலையின் பாதி மஞ்சள் கம்பளமாக இருந்தது. குறுவை அறுத்த நெல். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்கமாட்டார்கள். மழைக்கு நடுவே வெயில் அடிக்கிற ரெண்டு மணி நேரத்தில் தார்ச்சாலைதான் களம். சுற்றிலும் கல் அடுக்கி வைத்திருப்பார்கள். அதன்மேல் வண்டியை ஏற்றக்கூடாது என்பது ஒரு பக்கம், இருசக்கர வண்டிக்காரர் நெல்மேல் பிரேக் அடித்தால் சறுக்கிவிடும் என்பது இன்னொரு பக்கம். நான் நிறுத்தி, எதிரே வந்த பஸ் போகட்டும் என்று காத்திருந்தேன். கால்களால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த அம்மா, "எந்த ஊருக்குப் போறீங்க தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். "மழையிலயா!" இந்த முறை மாதத்தின் பெயர் கூட வரவில்லை.

அறைக்குத் திருக்கடையூரில் ஒரு விடுதியில் போனிலேயே சொல்லி வைத்திருந்தேன். அங்கே போய் நின்றால், அறையை அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். அந்த ஊரில் நாள் தவறாமல் அறுபதும் எண்பதும் நடக்கும், நல்ல நாளில் கேட்கவே வேண்டாம். முன்பணம் அனுப்பி ரசீது வாங்காதது என் தப்பு; பத்திரிகை ஆர்டரில் முன்பணம் இல்லாமல் ஒரு வரி கூடக் கோக்காத நான், அறை விஷயத்தில் வாய்வார்த்தையை நம்பியிருக்கிறேன். கடைசியில் காரைக்காலில் அறை கிடைத்தது, தரங்கம்பாடியிலிருந்து தெற்கே 15 கிலோமீட்டர். காரைக்காலில் தங்குகிறோம் என்று தெரிந்ததும் இரண்டு உறவினர்கள் போனில் கேட்டுக்கொண்ட உதவியை இங்கே எழுத வேண்டியதில்லை. நான் வாங்கிவந்தது பெட்ரோல் மட்டும், அது அங்கே விலை குறைவு.

தரங்கம்பாடி வாசலில் இறங்கும்போது மணி பதினொன்று. வெள்ளை வாசல், மேலே டேனிஷ் அரச முத்திரை. இப்போது நிற்பது 1792இல் கட்டியது. தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620இல் டேனிஷ்காரர்களுக்கு இந்த ஊரை விட்டுக்கொடுத்தார், ஆண்டு வாடகை 3,111 ரூபாய். 1845இல் அவர்கள் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சத்துக்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். மகளுக்கு இதில் வாடகைதான் பிடித்தது. "கடையோட வாடகையைவிடக் கம்மி" என்றாள்.

தெருவில் நடந்தவரை வரைபடத்துக்கு வேலையே இல்லை. அப்பா ஒரு திண்ணையில் உட்கார்ந்தார், எழுந்தார், டீக்கடையில் உட்கார்ந்தார். ஊர்ப் பெயரை 'அலைகள் பாடும் இடம்' என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பாடி என்றால் நம் பக்கத்தில் குடியிருப்பு. பழைய கல்வெட்டில் ஊர்ப் பெயர் சடங்கன்பாடி. இன்னொன்றும் சொல்வார்கள்: இங்கே ஓசோன் காற்று அதிகம், உடம்புக்கு நல்லது. டீக்கடைக்காரரும் சொன்னார். ஓசோனை மூச்சில் இழுத்தால் நுரையீரல் எரியும். இங்கே இருப்பது நல்ல உப்புக் காற்று. டீ நன்றாக இருந்ததால் நான் வாதாடவில்லை.

மழை வந்தது சரியாக மகள் கோடு போட்டு நிரப்பிய மைதானத்தின் நடுவில். நாலு நிமிடக் கணக்கும் பொய்த்தது; தூறல், சடசட, எல்லாம் ஒரே நிமிடத்தில். எதிரே கடல், வடகிழக்குக் காற்று நேராக முகத்தில். நான் அவசரமாகக் குடையை விரித்து அப்பா தலைக்கு மேலே நேராகப் பிடித்தேன், அது தாமரைப்பூ போல மேலே மலர்ந்துவிட்டது. இரண்டு கம்பி பிய்ந்தது. அப்பா என் கையிலிருந்து அதை வாங்கி, இழுத்து மடக்கி, விரித்த முனையைக் கடலைப் பார்த்து முன்னால் கேடயம் மாதிரி சாய்த்துப் பிடித்து நடக்க ஆரம்பித்தார். "மீன்காரங்க இப்படித்தான் பிடிப்பாங்க" என்றார். தலை நனைந்தது, மார்பு நனையவில்லை. நாங்கள் மூவரும் அவர் பின்னால் வரிசையாக.

கோட்டையின் வளைவுக் கூரைக்குள் ஒன்றரை மணி நேரம் நின்றோம். பெரிய சிவப்புப் புள்ளி கைவிடவில்லை. கொண்டுபோன புளியோதரை காரிலேயே இருந்ததுதான் வருத்தம். அடுத்த முறை சாப்பாட்டுப் பை காரில் இருக்காது, கையில் இருக்கும்.

மழை விட்டபின் சீகன்பால்கு வீடு. அவர் 1706 ஜூலை 9ஆம் தேதி இந்த ஊரில் இறங்கியவர். லண்டனிலிருந்து ஓர் அச்சுப்பொறி கிளம்பியது. அதோடு வந்த அச்சாளர் கடல் வழியிலேயே இறந்துபோனார். பொறி மட்டும் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகளை ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்து 1713இல் அனுப்பினார்கள். எழுத்து ரொம்பப் பெரிசு. அதில் அச்சடித்தால் காகிதம் கட்டுபடியாகாது. அதனால் இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள், பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கி. காகிதத்துக்குப் பக்கத்துப் பொறையாற்றில் ஆலையே வைத்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுதும் தமிழில் வந்தது. தமிழில் முதல் அச்சு இதுவல்ல. 1578இலேயே கொல்லத்தில் ஒரு சிறு நூல் அச்சேறியிருக்கிறது. ஆனால் நம் டெல்டாவில், நம் மண்ணில் எழுத்து வார்த்தது இங்கேதான்.

இதையெல்லாம் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு போக, அப்பா ஒரே இடத்தில் நின்றுவிட்டார். கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"டப்பா ஈயமா? வெறும் ஈயமா?"

"அப்படித்தான்ப்பா போட்டிருக்கு."

"கெட்டியாக ஆன்டிமனி கலக்காம வார்த்தா நாலு பாரம் அச்சடிக்கிறதுக்குள்ளயே மழுங்கிடுமேடா. லகரத்தோட சுழி மொதல்ல போயிடும்." கொஞ்ச நேரம் யோசித்தார். "திரும்பத் திரும்ப உருக்கி வார்த்திருப்பாங்க. பாவம், பகல்ல அச்சு, ராத்திரி அடுப்பு."

அவர் அப்படி முகம் தெரியாத தொழில்காரர்களுக்காக வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஞாயிறு விடிகாலை நினைத்தபடியே மழை. எட்டரை வரை தூங்கினோம். ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்ததும் புது எருசலேம் தேவாலயம். 1718இல் பிரதிஷ்டை செய்தது, முகப்பில் டேனிஷ் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் முத்திரை. மறு வருஷமே, 36 வயதில், சீகன்பால்கு இறந்து உள்ளே அடக்கமானார். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். எதிர்ப்புறம் இருக்கும் சீயோன் தேவாலயத்தை இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் தேவாலயம் என்பார்கள். அது 1701, சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் தேவாலயம் 1680. மாசிலாமணிநாதர் கோயில் கடலோரம். பாண்டியர் கட்டிய அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது, இப்போது கல் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். அலை அன்று நல்ல உயரம், மகளைக் கால் நனைக்கக்கூட விடவில்லை. நம் கரையில் ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டர்கூடக் கிடையாது, ஆனால் இந்த மாதத்து அலைக்கு அதெல்லாம் ஒரு கணக்கா? அவள் கோபித்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தாள். திரும்பும் வழியில் நாகூர் பேச்சு ஒருமுறை எழுந்து அடங்கியது.

வீட்டுக்கு வந்ததும் காலடி மிதியடியைத் தூக்கிப் பார்த்தேன், அடியில் காய்ந்து கிடந்தது.

வரைபடத்தில் செய்த திருத்தங்கள்: நகர வாசலுக்கு மகள் போட்ட சிவப்புப் புள்ளியை அடித்தாயிற்று, வளைவின் தடிமனுக்குள் இரண்டு பேர் நெருக்கி நிற்கலாம், சாரல் அடித்தால் அதுவும் இல்லை. திண்ணைகளில் மூன்று நீலம் சிவப்பாக மாறியது. உட்கார்ந்தபோது உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். 150 மீட்டர் என்பது 60 ஆகக் குறைந்தது. மைதானத்து 'அபாயம்' அப்படியே இருக்கிறது. அதன் பக்கத்தில் அப்பா, கோத்த எழுத்து மாதிரி நேராக, ஒரு குடைப் படம் போட்டு அம்புக்குறியைக் கடல் பக்கம் திருப்பியிருக்கிறார்.